திரையில் சிகரெட்டும் கிளாஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய நடிகர் ஒருவர் வாயில் சிகரெட்டோடு நிற்கும் போஸ்டர் வந்தால் போதும், அன்று மாலைக்குள் சண்டை தொடங்கிவிடும். ஒரு பக்கம் ‘தடை செய்’, இன்னொரு பக்கம் ‘படத்தைப் படமா பாருங்க’. இரண்டு பக்கமும் கேட்கிற கேள்விகள் பத்து வருடமாக மாறவில்லை. வாரம் ஒரு படம் தியேட்டரில் பார்த்து வளர்ந்தவன் நான், சினிமாவை விட்டுக்கொடுக்க மாட்டேன். அதே சமயம் இந்த விஷயத்தில் நம் சினிமா செய்கிற வேலை எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. அந்த இடத்திலிருந்துதான் இந்தப் பதில்கள்.

முதலில் சட்டம். படத்தில் சிகரெட் பிடிக்கலாமா, கூடாதா?

பிடிக்கலாம். முழுத் தடை இப்போது இல்லை. ஒரு காலத்தில் தடை வருவதாக இருந்தது, அந்த நினைவில்தான் பலர் இன்னும் குழம்புகிறார்கள்.

2003ஆம் ஆண்டு புகையிலைப் பொருட்கள் சட்டம் வந்தது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2005 மே 31 அன்று, சினிமாவிலும் டிவியிலும் புகைபிடிக்கும் காட்சியே கூடாது என்று அறிவிக்கை வந்தது. இந்தி இயக்குநர் மகேஷ் பட் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2009 ஜனவரியில் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. வாழ்க்கையில் இருக்கும் ஒரு பழக்கத்தைக் கதையில் காட்டவே கூடாது என்று சொல்வது கருத்துச் சுதந்திரத்தில் கை வைப்பது என்பதுதான் அங்கே வைக்கப்பட்ட வாதத்தின் சாரம்.

அதற்குப் பிறகு அரசு வழியை மாற்றிக்கொண்டது. காட்டிக்கொள்ளுங்கள், ஆனால் எச்சரிக்கையோடு காட்டுங்கள் என்று 2011 நவம்பரில் புதிய விதிகள் வந்தன, 2012 அக்டோபர் 2 முதல் அவை திருத்தப்பட்ட வடிவில் நடைமுறைக்கு வந்தன. படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் குறைந்தது 30 விநாடி புகையிலை எதிர்ப்புக் குறும்படம், அதோடு 20 விநாடி ஒலி-ஒளி அறிவிப்பு, புகைபிடிக்கும் காட்சி ஓடும் நேரம் முழுக்க கீழே எழுத்தில் எச்சரிக்கை. பிராண்ட் பெயர் தெரியக்கூடாது. விளம்பரப் படங்களிலும் போஸ்டரிலும் புகையிலை வரக்கூடாது. காட்சி ஏன் தேவை என்பதற்குத் தணிக்கை வாரியத்திடம் வலுவான காரணமும் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விதியை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தாலே இந்தப் பக்கத்தில் பாதிக்கு வேலை இருந்திருக்காது.

கீழே வருகிற அந்த எழுத்தால் யாராவது சிகரெட்டை விட்டிருக்கிறார்களா?

எழுத்தை மட்டும் சொன்னால், எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஹீரோ ஸ்லோமோஷனில் தீக்குச்சியை உரசுகிறார், முகத்தில் மஞ்சள் வெளிச்சம் விழுகிறது, பின்னணி இசை ஏறுகிறது, தியேட்டரே விசில் அடிக்கிறது. அந்த நேரத்தில் ஓரத்தில் வெள்ளை எழுத்து ஒன்று ‘உடல்நலத்துக்குக் கேடு’ என்கிறது. காட்சி கத்துகிறது, எழுத்து முணுமுணுக்கிறது. இரண்டு மூன்று படத்துக்குள் கண் அதைப் பார்க்காமலேயே தாண்டப் பழகிவிடும்.

படம் தொடங்கும் முன் வருகிற குறும்படங்கள் அப்படி இல்லை. குட்காவால் வாய்ப் புற்றுநோய் வந்து 24 வயதிலேயே இறந்துபோன இளைஞரின் குரலும் முகமும் இன்றும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. நுரையீரலைப் பஞ்சாகக் காட்டி, அதைப் பிழிந்து தாரை வடிக்கும் படமும் அப்படித்தான். பாப்கார்ன் வாங்கிக்கொண்டு உள்ளே வரும்போது இதையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொள்பவர்களைத் தெரியும். எனக்கு அந்தச் சலிப்பு புரிகிறது, ஆனாலும் அது போடப்பட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

இயக்குநர்களின் எதிர்ப்பும் நியாயமே இல்லாதது அல்ல. தன் படத்தின் மேல் இப்படி எழுத்து ஓடக்கூடாது என்று உட்டி ஆலன் மறுத்ததால் 2013இல் ‘ப்ளூ ஜாஸ்மின்’ இந்தியத் தியேட்டர்களுக்கு வரவே இல்லை. அனுராக் காஷ்யப் ‘அக்லி’ படத்துக்காக பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனார். ஒரு காட்சியின் கனத்தை அந்த எழுத்து கெடுக்கிறது என்பது அவர்கள் கோபம். நல்ல காட்சியைக் கெடுக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மோசமான காட்சியைத் தடுப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

சினிமா பார்த்தா ஒருத்தன் சிகரெட் பிடிக்கப் போறான்? கொலைக் காட்சி பார்த்தவன் எல்லாம் கொலையா செய்றான்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் இதைக் கேட்பவர்கள் ஆய்வுகளே இல்லை என்று நினைத்துக் கேட்கிறார்கள்.

அமெரிக்காவில் 10 முதல் 14 வயது வரை உள்ள, அதுவரை புகைத்தே பார்க்காத 2,600 பேரை ஒரு குழு பின்தொடர்ந்தது. 2003இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. யார் எந்தெந்தப் படங்களைப் பார்த்தார்கள், அவற்றில் எத்தனை புகைக் காட்சிகள் என்று எண்ணிவிட்டு, ஓரிரண்டு வருடம் கழித்துத் திரும்பக் கேட்டார்கள். புகைக் காட்சிகளை மிகக் குறைவாகப் பார்த்த கால்பகுதியினரில் 3 சதவீதம் பேர் புகைத்துப் பார்த்திருந்தார்கள், மிக அதிகமாகப் பார்த்த கால்பகுதியில் 17 சதவீதம். பெற்றோர் புகைக்கிறார்களா, நண்பர்கள் எப்படி, பிள்ளையின் குணம் எப்படி என்பதையெல்லாம் கணக்கில் கழித்த பிறகும் இரண்டரை மடங்குக்கு மேல் வித்தியாசம் நின்றது. இதைப் போன்ற பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் (அந்நாட்டு அரசின் தலைமைப் பொது சுகாதார அதிகாரி) 2012 அறிக்கை, படத்தில் வரும் புகைக் காட்சிகளுக்கும் இளம் வயதில் புகைக்கத் தொடங்குவதற்கும் காரண-விளைவு உறவே இருக்கிறது என்று முடிவாகச் சொன்னது.

ஆய்வை விடுங்கள், கம்பெனிகள் என்ன நினைத்தன என்று பாருங்கள். 1983இல் ஹாலிவுட் நடிகர் சில்வெஸ்டர் ஸ்டாலோன் ஐந்து படங்களில் பிரவுன் அண்ட் வில்லியம்சன் என்ற சிகரெட் கம்பெனியின் சிகரெட்டைப் பயன்படுத்த 5 லட்சம் டாலர் என்று அந்தக் கம்பெனியோடு கடிதப் பரிமாற்றம் நடந்தது, அந்த ஆவணங்கள் பின்னாளில் வெளியே வந்தன. 1989இல் வந்த ‘லைசன்ஸ் டு கில்’ ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஒரு சிகரெட் பிராண்டைக் காட்ட ஃபிலிப் மோரிஸ் கம்பெனி மூன்றரை லட்சம் டாலர் கொடுத்தது. பலன் இல்லாத இடத்தில் வியாபாரி காசு போட மாட்டான். 1998இல் அமெரிக்க மாநிலங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில்தான் இப்படிக் காசு கொடுப்பதை அந்தக் கம்பெனிகள் நிறுத்த ஒப்புக்கொண்டன.

கொலை ஒப்பீடு ஏன் நிற்காது என்றால், படம் முடிந்து வெளியே வந்ததும் தியேட்டர் வாசலில் கத்தி விற்பதில்லை. ஒற்றை சிகரெட் விற்கிறது. லைட்டர் கடைத் தூணில் கயிற்றில் தொங்குகிறது.

என் பள்ளி நாட்களில் ஒரு நண்பன் சாக்பீஸைத் தூக்கிப் போட்டு வாயால் பிடிக்கப் பழகினான். வகுப்பு முழுக்கக் கைதட்டும், நானும் தட்டினேன். பன்னிரண்டு வயது அப்போது. சாக்பீஸ் சரியாக விழப் பழகியதும் அடுத்து எதைத் தூக்கிப் போட்டான் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ரஜினிதான் காரணம் என்கிறீர்களா?

இல்லை. அவருக்கு முன்பே இருந்தது. ‘சாந்தி’ படத்தில் ‘யார் அந்த நிலவு’ பாட்டில் சிவாஜி கையில் புகைந்துகொண்டே இருக்கும் அந்த சிகரெட், அந்தப் பாத்திரத்தின் மனக்குழப்பத்தை உடம்பாலேயே சொல்வதற்கு அவர் எடுத்துக்கொண்ட கருவி. அதைப் பார்த்து எத்தனை பேர் அப்படி விரலில் இடுக்கிக்கொண்டார்களோ, யாருக்குத் தெரியும். மறுபக்கம் எம்.ஜி.ஆர். தன் பாத்திரங்கள் குடிக்காமல், புகைக்காமல் பார்த்துக்கொள்வதைக் கிட்டத்தட்ட ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார். குடித்ததாக நடித்த ‘ஒளிவிளக்கு’ படத்தில்கூட அவருடைய மனசாட்சியே எதிரில் வந்து நின்று ‘தைரியமாகச் சொல் நீ மனிதன்தானா’ என்று கேட்கும். ரசிகன் எதை எடுத்துக்கொள்வான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ரஜினி விஷயத்தில் நான் கவனிப்பது வேறு ஒன்று. சிகரெட்டைத் தூக்கிப் போடும் அந்த ஸ்டைல் மக்கள் மனதில் ஒட்டிய ஆரம்பப் படங்களில் ஒன்று 1976இல் வந்த ‘மூன்று முடிச்சு’. அதில் அவர் நல்லவர் அல்ல. அதுவரை தமிழ்ப் படங்களில் ஒரு எழுதாத கணக்கு இருந்தது: பணக்கார அப்பா என்றால் பைப், வில்லன் என்றால் சுருட்டும் விஸ்கி கிளாஸும், ரிக்‌ஷாக்காரர் என்றால் காதில் செருகிய பீடி. யார் என்ன புகைக்கிறார் என்பதை வைத்தே ஆளை எடைபோட்டுவிடலாம். ரஜினி வில்லத்தனத்திலிருந்து ஹீரோவாக மாறியபோது அந்த சிகரெட்டும் கூடவே மாறி வந்துவிட்டது. கெட்டவனின் அடையாளமாக இருந்தது ஹீரோவின் வருகையை அறிவிக்கும் மணியாகிவிட்டது.

2002இல் ‘பாபா’ வந்தபோது அதிலிருந்த புகை, குடிக் காட்சிகளை எதிர்த்து பாட்டாளி மக்கள் கட்சி பெரிய போராட்டம் நடத்தியது. தியேட்டரில் தகராறு செய்யும் முறையில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் 2007இல் ‘சிவாஜி’ வந்தபோது அதே கை, அதே வேகம், வாயில் விழுந்ததோ சூயிங் கம். அப்போதும் தியேட்டர் அதே அளவுக்குத்தான் கத்தியது! சிகரெட் இல்லாவிட்டால் மாஸ் இறங்கிவிடும் என்று சொல்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் இதுதான்.

படம் சரி. வெறும் போஸ்டருக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

படத்துக்காவது சான்றிதழ் உண்டு, வயது உண்டு, தியேட்டர் வாசல் உண்டு. போஸ்டர் பள்ளிக்கூடச் சுவரில் இருக்கும், பிள்ளையின் போனில் இருக்கும். 2012இல் ‘துப்பாக்கி’ போஸ்டரில் விஜய் சுருட்டோடு இருந்ததற்கு எதிர்ப்பு வந்தது. 2018இல் ‘சர்கார்’ ஃபர்ஸ்ட் லுக்கில் சிகரெட், தமிழகப் பொது சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது, தயாரிப்பு நிறுவனம் அந்தப் போஸ்டரை இணையத்திலிருந்து எடுத்தது.

சட்டப்படி இது அவ்வளவு நேரானதும் அல்ல. ‘வேலையில்லா பட்டதாரி’ விளம்பரங்களில் தனுஷ் புகைப்பதைக் காட்டியதற்காகப் போடப்பட்ட வழக்கை 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. விளம்பரத் தடைப் பிரிவு புகையிலையைத் தயாரித்து விற்பவர்களைக் குறிவைப்பது, படம் எடுப்பவர்கள் அந்த வியாபாரத்தில் இல்லை என்ற பார்வை அது. சட்ட வாசகத்தை வைத்துப் பார்த்தால் சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு சிகரெட் கம்பெனி கோடி கொடுத்தாலும் வாங்க முடியாத இடத்தை, யாரும் காசு கொடுக்காமலேயே நாம் தூக்கிக் கொடுக்கிறோம் என்பது மட்டும் மாறவில்லை.

குடிக்கு ஏன் இப்படிச் சட்டம் இல்லை?

தணிக்கைக்கான 1991 வழிகாட்டு நெறிகளில் குடியை நியாயப்படுத்தும், போற்றும் காட்சிகள் கூடாது என்று இருக்கிறது. எச்சரிக்கை எழுத்தும் போடுகிறார்கள். ஆனால் புகையிலைக்கு இருப்பதைப் போல விநாடிக் கணக்கோடு கட்டாயக் குறும்படம் போட வைக்கும் விதி குடிக்கு இல்லை. தமிழ்நாட்டில் இது எனக்குப் புகையிலையைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1948இல் மாகாணம் முழுக்க வந்தது, 1971இல் தளர்த்தப்பட்டது. பிறகு மூடுவதும் திறப்பதுமாக இருந்து, 1983இல் டாஸ்மாக் உருவாகி, 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே வந்தது. 1953இல் ‘தேவதாஸ்’ பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் மதுவிலக்கு இருந்த ஊரில் உட்கார்ந்து பார்த்தவர்கள். அன்றைய குடிகாரன் பெரும்பாலும் ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை. 1972இன் ‘வசந்த மாளிகை’ வரைக்கும் பாட்டில் பங்களாவில்தான் இருந்தது, பார்க்கிறவன் வீட்டில் இல்லை. குடித்தவன் அழிந்தான், இல்லையென்றால் திருந்தினான்.

தெருமுனையில் அரசுக் கடை வந்த பிறகு திரையில் குடிகாரனும் தெருமுனைக்கு வந்துவிட்டான். 2010க்குப் பிறகு வந்த நகைச்சுவைப் படங்களை வரிசையாகப் போட்டுப் பாருங்கள். காதல் வந்தால் பார், தோற்றால் பார், வேலை போனால் பார், கிடைத்தாலும் பார். நண்பர்கள் மனம் விட்டுப் பேச வேறு இடமே இந்த ஊரில் இல்லாததுபோல. ஹீரோவைக் கைவிட்ட பெண்ணைத் திட்டி ஒரு பாட்டு, அதுவும் கையில் கிளாஸோடு. அதில் பல படங்கள் யு சான்றிதழோடு வந்தவை, அந்தக் காலத்தில் யு சான்றிதழ் கேளிக்கை வரி விலக்குக்கு ஒரு தகுதியாகவும் இருந்தது. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம், சிரித்தோம்.

எனக்குப் பொறுக்காதது பார் காட்சி அல்ல. காட்சி பாரிலேயே முடிந்துவிடுவதுதான். அந்த ஆள் தள்ளாடிக்கொண்டே வீட்டுக்குப் போவான் இல்லையா, கதவைத் தட்டுவான் இல்லையா, உள்ளே ஒருத்தி அன்றைய கூலியில் எவ்வளவு மிச்சம் என்று கேட்கப் பயந்துகொண்டு நிற்பாள் இல்லையா, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்குவதுபோல நடிக்கும் இல்லையா? கேமரா அதுவரை போவதே இல்லை. இந்த மாநிலத்தில் மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பெண்கள் மறியல் செய்திருக்கிறார்கள், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் படங்களில் குடியோ பெரும்பாலும் காமெடி டிராக்.

யதார்த்தம் என்று ஒன்று இருக்கிறதே? ரவுடி பால் குடிப்பதுபோலவா காட்ட முடியும்?

வேண்டாம். தடை கேட்பவன் நான் இல்லை. குடிப்பவனைக் காட்டாமல் குடியைப் பற்றிப் படம் எடுக்க முடியாது.

நான் வைத்துப் பார்க்கும் சோதனை எளிமையானது. அந்தக் காட்சியிலிருந்து சிகரெட்டை மனதில் எடுத்துவிட்டுப் பாருங்கள். கதையில் ஏதாவது உடைகிறதா? சுரங்கத் தொழிலாளி ஒருவர் இருமிக்கொண்டே பீடி பற்றவைக்கிறார் என்றால் அதை எடுத்தால் அவர் வாழ்க்கையில் ஒரு துண்டு போய்விடும். ஹீரோ சண்டைக்கு முன் பற்றவைத்து, ஒரே ஒரு இழுப்பு இழுத்து, தூக்கி எறிந்துவிட்டு அடிக்கப் போகிறார் என்றால் அங்கே எதுவும் உடையாது, ஒரு ஷாட் குறையும். யதார்த்தம் என்ற சொல்லை இரண்டாவதற்குப் பயன்படுத்தும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. அப்புறம், யதார்த்தம் என்றால் இருமலும் யதார்த்தம், மூச்சு வாங்குவதும் யதார்த்தம். பத்து வருடம் தினம் ஒரு பாக்கெட் பிடித்தவர் இருபது பேரைத் துரத்தி ஓட முடியாது.

பெண் பாத்திரம் குடித்தால் மட்டும் ஏன் கலாசாரம் கெடுகிறது?

கெடுவதில்லை. ஆண் குடிக்கும் நூறு காட்சிக்கு வாய் திறக்காதவர்கள், ஒரு கதாநாயகி கையில் கிளாஸைப் பார்த்ததும் துள்ளுவதைப் பார்க்கும்போது, அவர்களுக்குப் பிரச்சினை மது அல்ல என்று புரிந்துவிடுகிறது. ஈரல் ஆண் பெண் பார்ப்பதில்லை. அதே சமயம் ‘சுதந்திரமான பெண்’ என்பதைக் காட்டச் சில இயக்குநர்களுக்குக் கையில் ஒரு சிகரெட் கொடுப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை, அதுவும் சோம்பேறித்தனம்தான்.

நடிகர்கள் நிஜமாகவே குடிக்கிறார்களா?

பொதுவாக இல்லை. கிளாஸில் இருப்பது பெரும்பாலும் கோலா, ஆப்பிள் ஜூஸ், பால் விடாத டீ. சிகரெட்டுக்குப் பதில் புகையிலை இல்லாத மூலிகை சிகரெட் கொடுப்பதுண்டு. ஆனால் எதை எரித்து உள்ளே இழுத்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டு. இருபது டேக் போனால் இருபது முறை இழுக்க வேண்டும், மூலிகை என்ற பெயர் அதை மருந்தாக்கிவிடாது.

ஓடிடியில் விதி உண்டா?

2023 செப்டம்பர் 1 முதல் உண்டு. தியேட்டருக்கு இருக்கும் அதே மாதிரி எச்சரிக்கைகள் அங்கும் கட்டாயம் என்று அந்த ஆண்டு மே 31இல் அறிவித்தார்கள். குறும்படம் வரும்போது போனைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகலாம் என்பதால் தியேட்டரில் இருக்கும் தாக்கம் அங்கே இருக்காது.

பிள்ளைகளோடு பார்க்கும்போது இப்படிக் காட்சி வந்தால் என்ன செய்வது?

ஓட்டிவிடுவதில் பலன் இல்லை, ஓட்டிய இடத்தைத்தான் பிறகு தேடிப் பார்ப்பார்கள். இப்போது யு/ஏ சான்றிதழில் 7, 13, 16 என்று வயது பிரித்துப் போடுகிறார்கள், முதலில் அதைப் பாருங்கள். காட்சி வந்தால் அங்கேயே ஒரு வரி பேசுங்கள். என் அக்கா மகன் ஒருமுறை பார் காட்சிக்கு விழுந்து விழுந்து சிரித்தான். ‘இவர் வீட்டுல உன்ன மாதிரி ஒரு பையன் இருந்தா இப்ப என்ன பண்ணிட்டு இருப்பான்?’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘மாமா, அவங்க அப்பா வர லேட் ஆகுதுன்னு பயந்துட்டு இருப்பான்’ என்றான். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் காட்சியின் மீதி தெரிந்திருக்கிறது.

ஏற்கனவே பழகிவிட்டது. விட முடியுமா?

முடியும், தனியாக முயல வேண்டியதும் இல்லை. அரசின் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணம் கிடையாது, சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகி இருக்கிறது. சாக்பீஸ் தூக்கிப் போட்ட என் நண்பனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது, மாடி ஏறினால் நடுவில் ஒரு தடவை நின்றுவிட்டுத்தான் ஏறுகிறான். இரண்டு முறை விட்டுத் திரும்பப் பிடித்தவன். போன மாதம் அவனே அந்த எண்ணுக்குப் பேசினான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.